கையசையாவிட்டால் எழுந்திருக்க வேண்டும்

மோடம் லைன் பிடிக்கும்போது எழும் கீச்சொலியும் இரைச்சலும் அடங்கி, திரையில் முதல் பக்கம் மெல்லத் திறக்கும் அந்தக் கணத்துக்காக, இலங்கை மலையகத்து லிந்துலை நகரின் இளைஞர் சங்க அறையில் ஞாயிறுதோறும் பெஞ்சு நிறையக் காத்திருப்போம். இருந்தது ஒரே கணினி, ஒரே தொலைபேசி இணைப்பு. அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்போரைச் "சும்மா குந்துறவங்க" என்போம். அறைக்குப் பொறுப்பாயிருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் சிவபாலன் மாஸ்டர், எங்கள் எல்லோரையும் கேட்டே ஒரு விதி வகுத்தார்: கை அசையாவிட்டால் எழுந்துவிட வேண்டும். இன்றும் அதைவிட நியாயமான விதி எனக்குத் தோன்றவில்லை.

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான ஞாயிறன்று, எனக்கு முன்னால் பாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அவருடைய மகள், அங்கே மேடம் தூங்கும் நேரம் பார்த்து மெசெஞ்சரில் வருவாள். எழுதத் தெரியாத அக்காவுக்காகப் பக்கத்திலிருப்பவர் யாராவது தட்டிக் கொடுப்பார்கள். அன்று மகள் இன்னும் வரவில்லை. அக்கா கைகளை மடியில் வைத்தபடி திரையையே பார்த்திருந்தார்.

"என்னக்கா, படம் போடுவாங்கன்னு பாக்குறீங்களா?" என்று பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

"அம்மா, லைன் சும்மா கிடக்குது. பிள்ளையள் றிசல்ட் பாக்க நிக்குதுகள், எழும்புங்கோ," என்றார் மாஸ்டர்.

"மக வர்ற நேரமுங்க சார். இந்தா வந்துருவா."

"விதி எல்லாருக்கும் ஒண்டுதானே அம்மா."

அக்கா எழுந்து, எனக்காக நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, வாசலில் போய் நின்றார். நான் தேறியிருந்தேன். பெஞ்சு கைதட்டியது, அக்காவும் தட்டினார். இடத்தைவிட்டு எழுமுன் மாஸ்டர் சொன்னபடி அக்காவின் மெசெஞ்சரைத் திறந்து பார்த்தேன். ஆங்கில எழுத்துகளில் மகளின் தமிழ் வந்து கிடந்தது: "அம்மா இருக்கியா? அம்மா? மேடம் எந்திரிச்சிட்டாங்க, போறேன்."

வாசித்துக் காட்டியபோது அக்கா யாரையும் கோபிக்கவில்லை. "பாப்பா, நா இங்கனதான் இருந்தேன்னு எழுதிப் போடு," என்றார்.

எழுதினேன். பிறகு உயர்தரம் படிக்க ஹட்டனுக்குப் போய்விட்டேன்.

அந்த அறையில் இப்போது மரக்கறிக் கடை நடக்கிறது. தோட்டத்து லயத்து வீடுகளில் கைபேசிகள் இரவும் பகலும் இணைப்பிலேயே கிடக்கின்றன. லைனுக்காக யாரும் யாரையும் எழுப்புவதில்லை. பொது விதிகள் எளியவர்மேல் எப்படி விழுகின்றன என்பதைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டமும் பெற்றுவிட்டேன். நான் எழுதிப் போட்ட அந்த ஒரு வரிக்கு மகளிடமிருந்து பதில் வந்ததா என்று மட்டும் பாக்கியம் அக்காவிடம் கேட்கவே இல்லை.