ஈரத்துணியில் பத்துக் கடலை

வேர்க்கடலை மேலே பூத்துக் கீழே காய்க்கும். மஞ்சள் பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசிபோல ஒரு காம்பு இறங்கி மண்ணைக் குத்தும். காய் பிடிப்பது அந்த முனையில். அப்பாவை நான் நைனா என்பேன். அவருக்கும் சித்தப்பாவுக்கும் இது நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எங்கள் சத்தியவேட்டுப் பக்கம் யாருக்கு என்று பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிரும் இருந்தது.

வகுப்பில் வாத்தியார் கொள்ளுப் பயறை ஈரத்துணியில் சுற்றி வைத்தார். இரண்டாம் நாள் முளை வந்தது. உயிருள்ள விதை முளைக்கும், செத்தது முளைக்காது என்றார்.

நைனாவின் நிலத்துண்டும் சித்தப்பாவின் துண்டும் அடுத்தடுத்து இருந்தன. வேலையும் களமும் ஒன்று. அந்த மார்கழியில் பறித்த, தரையில் படரும் கொடிக்கடலை காய்ந்ததும் எப்போதும்போல் பாதிப்பாதி பிரித்துக்கொண்டார்கள். ஆடி விதைப்புக்கு எங்கள் பங்கில் எடுத்து வைத்ததில் அந்த வாரமே பத்துக் கடலையை உரித்து நான் ஈரத்துணியில் வைத்தேன். பத்து நாள் ஆகியும் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

"இது செத்த விதை, நைனா. வெச்சிருந்து பிரயோஜனம் இல்ல."

நைனா சித்தப்பாவைக் கூப்பிட்டுத் துணியைக் காட்டினார்.

"நம்ம கடலை எந்த வருஷம்ண்ணா மொளைக்காம போச்சு?" சித்தப்பா சிரித்தார். "இவன் கட்டின கட்டுல மூச்சு முட்டிப் போச்சோ இன்னாவோ."

"அவன் படிச்சவன்டா. நீ கம்முனு இரு."

எங்கள் விதைக்கடலை அத்தனையும் செக்குக்குப் போனது. சித்தப்பா தன்னுடையதை மூட்டை கட்டி வைத்துக்கொண்டார்.

ஆடியில் நல்ல மழை. நைனா புத்தூர்ச் சந்தையில் வாங்கி வந்த விதை பொக்கை வாய்போல அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் துண்டில் கால் வைக்க இடமில்லாமல் பச்சை.

ஒரே களம், ஒரே கடலை. என் சோதனை தப்பாக இருக்கும் என்று நைனாவுக்குத் தோன்றவே இல்லை. சித்தப்பாவை வழி மறித்து, ஊர் பார்க்கக் கேட்டார்.

"பங்கு போட்ட அன்னிக்கு நான் கஞ்சி குடிக்கப் போனப்போதானே நல்ல கடலைய உன் பக்கம் தள்ளிக்கினே? திருட்டு நாயே!"

சித்தப்பா மறுநாள் வரப்பில் முள்வேலி வைத்தார். "ராஜ்யத்துக்கு எல்லை போடறவங்க இன்னும் அளந்துக்கினு கீறாங்க, இவங்க ஒரே நாள்ல போட்டுட்டாங்க" என்று ஊரில் சிரித்தார்கள். எனக்கும் அப்போது சித்தப்பா மேல்தான் சந்தேகம்.

மூன்று வருஷம் கழித்து, திருப்பதியில் காலேஜ் லைப்ரரியில், ஒரு விவசாயப் புத்தகத்தில் கடலையைப் பற்றிய பக்கத்தைப் படித்தேன். கொடிக்கடலை பறித்த பிறகு இரண்டு மூன்று மாதம் உறங்கும். ஈரம் பட்டாலும் எழாது. பறிக்கும் முன்பே மழை வந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்து வீணாகாமல் இருப்பதும் அந்த உறக்கத்தால்தான்.

அந்த வாரமே ஊருக்குப் போய்ச் சொன்னேன். "அப்போ அவன் எடுக்கலியா?" என்று நைனா இரண்டு முறை கேட்டார். பிறகு, "நீ போய்ச் சொல்லு" என்றார்.

சித்தப்பா களை வெட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"தூங்கிக்கினு இருந்துச்சா?"

"ஆமா சித்தப்பா."

"சரி. ஊரைக் கூட்டித் திருடன்னு சொன்னாரு. ஊரைக் கூட்டி இல்லேன்னு சொல்லச் சொல்லு." மறுபடி குனிந்துகொண்டார்.

நைனாவிடம் சொன்னேன்.

"தனியா கூப்பிடு, அவன் கால்லகூட வுழறேன். ஊர் நடுவுல ஏன் அப்படிச் சொன்னேன்னு கேப்பானுங்க. என் புள்ள படிப்பு தப்பாப் போச்சுன்னு என் வாயால எப்படிடா சொல்றது? சொல்ல மாட்டேன்."

ஊர் நடுவில் நானே சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருப்பதிக்குக் கிளம்பிவிட்டேன்.