ஒரே பேச்சில் சம்மதித்தவள்

ஜுலைஹா பீவி என்ற பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தது, மூத்த மகன் ராஜிக்குக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த வருஷம். ஷார்ஜா முவைலாவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவள், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்:

"பஹ்ரைன்ல ஜுலைஹா பீவின்னு ஒரு பொம்பளை இரிக்கா மச்சி. நம்ம காயல்பட்டணத்துக்காரிதான். எங்க உம்மாவோட சாச்சி மகனுக்குக் கொழுந்தியா முறை. புருஷன் மௌத்தாகிப் பல வருஷம் ஆச்சு, பாவம். குதைபியாவில பேச்சிலர்களுக்குச் சோறு ஆக்கிக் குடுக்கிறா. ஒரே மகள், பேரு சப்ரீனா, டீச்சர் வேலை."

சாச்சி மகன், அவர் மனைவி, அந்த மனைவியின் தங்கை என்று எனக்கு வழி உடனே பிடிபட்டுவிட்டது. பிடிபடாமல் போனது வேறு. எங்கள் ஊர் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் வாழ்வார். மகளைப் பெற்றவளுக்கு ஒரு மகன் கூடுவான். நான் பெற்றது இரண்டும் ஆண். அதை யோசிக்காமல் அன்றைக்குத் தலையாட்டிவிட்டேன்.

நிக்காஹ் முடிந்து ராஜிக் குதைபியாவில் அவள் வீட்டு மூன்றாவது மாடிக்குக் குடிபோனான். போன் போட்டால் "மாமி இன்னிக்கு மீனாணம் வச்சாங்க உம்மா" என்றுதான் ஆரம்பிப்பான். நான் இருபத்தாறு வருஷம் வைத்துக் கொடுத்த மீன் குழம்பு அவன் நாக்கை விட்டே போய்விட்டது போலிருக்கும். "நல்லது வாப்பா" என்று மகனிடம் சொல்லிவிட்டு, போனை வைத்தபிறகு என் வீட்டுக்காரரிடம் சண்டை பிடிப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் இரண்டு மாதம் தங்கலாம் என்று விசிட்டில் அங்கே போனேன். முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ராஜிக்குக்கு ஜப்பான் கார்களின் உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் வேலை.

"உம்மா, கம்பெனியில என்னைப் பத்து நாள் ஜப்பானுக்கு அனுப்புறாங்க" என்றான். "கூட ஒரு ஆளைக் கூட்டிப் போகலாம். சப்ரீனாவுக்குப் பரீட்சை நேரம், லீவு இல்ல. நீங்க வாறீங்களா? வெந்நீர் ஊத்து இரிக்கிற ஊராம். உங்க மூட்டுக்கு நல்லதுன்னு சொல்றாங்க."

எனக்கு நெஞ்சு துள்ளியது. ஆனால் கேட்டவுடனே சரி என்று சொல்வது எங்களில் பழக்கமில்லை. ஒரு தேத்தண்ணிக்குக்கூட இரண்டு தடவை வேண்டாம் என்போம். மூன்றாம் தடவை வற்புறுத்தினால் வாங்குவோம். அதுதான் மரியாதை.

"எனக்கு எதுக்கு வாப்பா இந்த வயசுல. உன் மாமியைக் கூட்டிப் போ" என்றேன்.

அவன் திரும்பினான். "மாமி, நீங்க?"

ஜுலைஹா பீவி கையில் அகப்பையோடு நின்றாள். "வாறேன்" என்றாள்.

"கலாஸ், முடிஞ்சது பேச்சு. பாஸ்போர்ட்டை எடுங்க மாமி."

அவ்வளவுதான். விசா வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் யாராவது இன்னொரு தடவை கேட்பார்கள் என்று காத்திருந்தேன். மூட்டு வலி என்று தைலத்தை எடுத்து நடுவீட்டில் உட்கார்ந்து தேய்த்தேன். "நல்லாத் தேய்ங்க உம்மா" என்று சொல்லிவிட்டு மகன் டியூட்டிக்குப் போனான்.

அவர்கள் விமானம் ஏறினார்கள். அவளுடைய அடுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு காலத்தில் நாற்பது கேரியர் போன வீடு. அப்போது பதினோரு பேர்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மையப்பன் என்பவர் சைட் வேலை முடிந்து காலிக் கேரியரைக் கொண்டுவந்து வைப்பார்.

"புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு பெரியம்மா" என்றார் மூன்றாம் நாள். "அக்கா எப்ப வர்றாங்க?"

"அக்கா வெந்நியில ஊறுறாங்க. ஊறி முடிஞ்சதும் வருவாங்க" என்றேன்.

ஐந்தாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடியோ கால் வந்தது. அங்கே இருட்டியிருந்தது. கம்பெனிக்காரர்கள் பார்த்துவைத்த பெரிய ஹோட்டலில் இடம் இல்லாமல், ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பழைய ஹோட்டலில் தங்க வைத்திருந்தார்களாம்.

"கிழட்டு ஹோட்டல் லாத்தா" என்று அக்கா முறை வைத்துச் சொன்னாள் ஜுலைஹா பீவி. "லிப்ட் முனகுது. ரயில் போனா ஜன்னல் கிடுகிடுங்குது. கட்டில் கிடையாது, பாய் மேல மெத்தை. ஒரு வயசான அம்மா வந்து முட்டி போட்டு மெத்தை விரிக்கிறா. எனக்குப் பொறுக்கல, நானும் மறுமுனையைப் பிடிச்சேன். அவ விடல, நானும் விடல. கடைசில ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம்."

"குளிச்சீங்களா?"

"பொதுக் குளியல்ல ஒரு துணியும் கட்டக்கூடாதாம். தவ்பா, நான் மாட்டேன்னு கையை ஆட்டினேன். அந்த அம்மாவே உள்பக்கம் தாழ்ப்பாள் போடுற சின்னக் குளியலறைச் சாவியைக் குடுத்தா. அதுலயும் பாருங்க, தண்ணிக்குள்ள இறங்கிக் குளிக்கிறதுக்கு முன்னாடி வெளியில உக்காந்து ஒருக்கா குளிச்சிரணுமாம். அவிச்ச முட்டை வாடை அடிக்குது. ஆனா லாத்தா, கழுத்து வரைக்கும் இறங்கினதும் எனக்கு அழுகை வந்திருச்சு."

எனக்கும் வந்தது. காரணம் வேறு.

"என் பிள்ளை எங்க?" என்றேன்.

போன் திரும்பியது. தரையில் தாழ்ந்த மேசை. மது சேர்ந்திருக்குமோ என்று மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வெறும் சோறும் உப்புப் போட்டுச் சுட்ட மீனும் வைத்திருந்தார்கள். ராஜிக் குனிந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்த சதையை அவள் கிண்ணத்தில் வைத்தான். ஏழு வயது வரைக்கும் நான் முள் எடுத்துக் கொடுத்த பிள்ளை அவன். என் கிண்ணத்தில் ஒரு நாளும் அவன் வைத்ததில்லை.

"சிக்னல் சரியில்ல" என்று சொல்லி நான்தான் வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒரு மினுமினுப்பு. எனக்கு ஒரு துவாலையும், வெந்நீரில் கலக்கும் பொடியும் கொண்டுவந்திருந்தாள். சமையலறையில் இருவரும் வெங்காயம் உரிக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"நான் மரியாதைக்கு வேண்டாம்னேன் ஜுலைஹா. நீங்களாவது இன்னொரு தடவை என்னைக் கேட்டிருக்கலாம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை.

"நீங்க வேண்டாம்னா மறுபடி கேக்க ஆள் உண்டு லாத்தா, அதனால சொல்லுறீங்க. நானும் முன்னாடி அப்படித்தான் சொல்லுவேன். உங்க சின்ன மகன் ஆகில் கல்யாணத்துக்கு ஷார்ஜாவில இருந்து நீங்க கூப்பிட்டப்போ, 'எனக்கு எதுக்கு லாத்தா, நீங்க நல்லபடியா நடத்துங்க'ன்னேன். புடவை எல்லாம் எடுத்து வச்சிருந்தேன். நீங்க 'சரி, துஆச் செய்யுங்க'ன்னு போனை வச்சிட்டீங்க. அன்னியோட அந்தப் பழக்கத்தை விட்டுட்டேன். இப்போ யாரும் கேட்டா முதல் தடவையே சொல்லிடுவேன்."

அந்தப் போன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் வந்தால் ராஜிக் மண்டபம் முழுக்க மாமி மாமி என்று சுற்றுவான் என்றுதான் மறு பேச்சுப் பேசாமல் வைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. வெங்காயத்தை உரித்து முடித்தேன்.

அதற்காக என் வயிற்றெரிச்சல் ஆறிவிட்டது என்று சொன்னால் அது பொய். நான் ஷார்ஜாவுக்குத் திரும்பும் நாளில், "அடுத்த தடவை நீங்கதான் உம்மா" என்றான் ராஜிக். "சரி" என்றேன் உடனே. அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். கம்பெனி அதற்குப் பிறகு யாரையும் அனுப்பவில்லை.

ஜுலைஹா பீவி இப்போது குதைபியாவில் அதே மூன்றாவது மாடியில் இருக்கிறாள். சோறு ஆக்கிக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். என் மகன் அந்த வீட்டில்தான் இருக்கிறான்.