படையலில் வைத்த பாட்டுப் படம்

பாட்டு வந்தால் எழுந்து போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தியேட்டரில் பாட்டு தொடங்கியதும் சிகரெட் பிடிக்க, கச்சான் கடலை வாங்க, கழிவறைக்குப் போக என்று அடுத்தவர் காலை மிதித்துக்கொண்டு வெளியே போகிற கூட்டம் இருக்கிறதே, இவர்கள் எல்லாம் எதற்குக் காசு கொடுத்து உள்ளே வருகிறார்கள்? வீட்டில் பார்க்கிறவர்கள் இன்னும் மோசம். ரிமோட்டை எடுத்துப் பாட்டை ஓட்டிவிடுகிறார்கள். படத்தின் உயிரை ஓட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்களோ, போகட்டும்.

நான் மலேசியாவில், புக்கிட் ரோத்தானில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எனக்குப் பிடித்த படங்கள் எல்லாமே பாட்டுப் படங்கள்தான். கதை தீக்குச்சி அளவு இருந்தால் போதும். அதைக் கொளுத்தப் பாட்டு இருந்தால் சரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் "நான் பாட்டில்லாத படம்தான் பார்ப்பேன்" என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டால், உப்பில்லாமல் சாப்பிடுகிறேன் என்று பீற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

என் வீட்டுக்காரரின் அக்கா மகன் ஷா ஆலமில் வேலை பார்க்கிறான். ஒருமுறை என்னிடம் வாயைக் கொடுத்தான்.

"லாஜிக்கே இல்ல அத்தே. நடு ரோட்டுல நின்னு எவன் பாடுவான்?"

"உங்க மாமன் பாடுவாரு. போய்ப் பாரு," என்றேன்.

பொய்யில்லை. என் வீட்டுக்காரர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். ஒரு தடவை சபாக் போகிற சாலையில் லோரி நின்றுவிட்டது. நான் வேனை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், மனுசன் வயலோரமாக நின்று கையை விரித்துப் பாடிக்கொண்டிருக்கிறார். போகிற வருகிற மோட்டார்காரன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். "என்னங்க இது, மானம் போவுது" என்றேன். "படத்துலயும் பஸ்ஸு இப்படித்தான நின்னுச்சு?" என்று கேட்டார். நானும் இறங்கி நின்று கேட்டேன்.

எங்களுக்குப் படத்தின் பெயர் எல்லாம் தேவைப்படாது. நாங்களாகவே பெயர் வைத்துக்கொள்வோம். குடைப் படம் என்று ஒன்று. எல்லாப் பாட்டிலும் மழை, எல்லா மழையிலும் அந்தப் பெண்ணின் குடை திரும்பிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் கிள்ளானுக்கு மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தோம், திரும்பி வரும்போது நிஜ மழையில் நனைந்து எனக்குச் சளி பிடித்தது. கூண்டுப் படம் என்று இன்னொன்று. அதில் சாட்சி சொல்ல வந்தவள் நீதிமன்றத்துக் கூண்டில் நின்று பாடுவாள், நீதிபதி தலையாட்டிக்கொண்டே கேட்பார். எனக்கு அதுதான் உயிர். உண்மையைச் சொல்ல விடாமல் நாலு பேர் வாயை அடைத்தால் பாடித்தானே ஆகவேண்டும்? அதில் என்ன லாஜிக் குறைகிறது?

அவருக்கு உயிர் பஸ் படம். மலைப்பாதையில் பஸ் பழுதாகி நிற்கும், பயணிகள் எல்லாரும் இறங்கி இருட்டும் வரை பாடுவார்கள். முதல் பாட்டில் புல்லாங்குழல் வாசித்து முடித்ததும் எல்லாம் நின்றுவிடும். காற்றுச் சத்தம்கூட இருக்காது. அப்புறம்தான் குரல் வரும். அந்த இடைவெளி என் வீட்டுக்காரருக்குப் பொறுக்காது. எத்தனை தடவை பார்த்தாலும் பாடகருக்கு முன்னால் இவர் முந்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "கொஞ்சம் பொறுங்களேன், அவரு பாடட்டும்" என்று நான் கத்துவேன். "அவரு லேட்டு லா" என்பார். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு ஒருநாளும் சரியான நேரத்தில் தொடங்கியதில்லை.

போன வருஷம் ஒரு மத்தியானம், ஆலையில் குலை இறக்க வரிசையில் நின்ற லோரிக்குள்ளேயே அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சபாக்கிலிருந்து அவருடைய அக்கா வந்து இறங்கினார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். நல்ல மனுசிதான், ஆனால் சடங்கு, சாங்கியம் என்று வந்துவிட்டால் அசைக்க முடியாது. அடக்கம் முடித்து வந்ததும் முதல் வேலையாக டிவியின் மேல் ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துப் போர்த்தினார்.

"வருசம் திரும்புற வரைக்கும் இந்த வீட்டுல பாட்டுச் சத்தம் கேக்கக் கூடாது. வேன்லயும்தான். ஊரு ஒரு மாதிரி பேசும்," என்றார்.

எனக்கு அழுகையே வரவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். "கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாத்தியா, கல்லுதான் அவ" என்று குசினிப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டே யாரோ சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் கட்டிப்போய்க் கிடந்தது. இப்படியே இருந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அந்த மனுசருக்காக என்னால் அழ முடியாமலே போய்விடுமோ என்கிற பயம். அவர் எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த வேட்டிக்குப் பின்னால் இருக்கிற பாட்டில்தான் இருப்பார். அதைத்தான் மூடிவைத்திருந்தார்கள்.

எட்டாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு வைத்து, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. காலையிலிருந்து அண்ணி ஓடியாடிச் சமைத்தார். கோழிப் பிரட்டல், கருவாட்டுச் சம்பல், நாசி லெமாக், கறுப்பு பீர், அவர் பிடிக்கிற சிகரெட். நெருப்புப்பெட்டி மறந்துவிட்டது என்று அதற்கு ஓர் ஆளைக் கடைக்கு அனுப்பினார்.

"வேற என்னம்மா பிடிக்கும் தம்பிக்கு? ஒண்ணு விடாமச் சொல்லு. விட்டுட்டா ஆத்மா ஏங்கிக்கிட்டு வாசல்லயே நிக்கும்," என்றார் அண்ணி.

நான் எழுந்து போய் அந்த வேட்டியை உருவினேன்.

"ஏய், என்ன பண்ற நீ?"

"நீங்கதான அண்ணி ஒண்ணு விடாம வைக்கச் சொன்னீங்க? வைக்கிறேன்."

அவருடைய லோரியிலிருந்து எடுத்துவந்த, படங்கள் பதிந்த பென்டிரைவை டிவியில் சொருகினேன். அவர் படத்தை மாலையோடு தூக்கி டிவியைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தேன், இலையையும் கூடவே நகர்த்தினேன்.

"சாவு வீட்டுல சினிமாவா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? ஊரு காறித் துப்பும்!" என்று அண்ணி கத்தினார்.

எனக்கும் குரல் வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு என் பழைய குரல். "பீரு வைக்கலாம், சிகரெட்டு வைக்கலாம். அவரு சாவுறதுக்கே காரணமானதெல்லாம் வைக்கலாம். அவரைச் சந்தோசமா வச்சிருந்தத மட்டும் வைக்கக் கூடாதா? எந்த ஊரு சாங்கியம் இது? துப்புறவங்க துப்பட்டும், நான் தொடச்சுக்கிறேன்."

அண்ணி தன் மகனைப் பார்த்து, "அந்தப் பிளக்கப் புடுங்குடா" என்றார். லாஜிக் பேசிய அதே பிள்ளைதான். பிளக்கையும் மாமன் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா இதத்தான்மா கேப்பாரு. விடுங்கம்மா," என்றான்.

நான் சத்தத்தை அவர் வைக்கிற அளவுக்கு ஏற்றினேன். அந்த அளவு வைத்தால் எங்கள் தாமான் குடியிருப்பில் நாலு வீட்டுக்குக் கேட்கும். சூடம் காட்டிக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலில் வந்து நின்றோம். அண்ணி என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே பஸ் படம் ஓடியது. இன்ஜின் இருமி நிற்கிற சத்தம் கேட்டது. பயணிகள் நடத்துனரைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். புல்லாங்குழல் தொடங்கியது. வாசலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். புல்லாங்குழல் முடிந்தது.

அப்புறம் அந்த இடைவெளி வந்தது. நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முந்திக்கொண்டு யாரும் பாடவில்லை. பாடகர் தனக்குரிய நேரத்தில், ரொம்ப அழகாக, தனியாக ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டில் முதல்முறையாக அந்தப் பாட்டு சரியாகத் தொடங்கியது. நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தாமானே கேட்டிருக்கும். கேட்கட்டுமே. அண்ணி ஓடி வந்து என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். அவரும் அழுதார். சின்ன வயதில் தோட்டத்து லயத்தில் அவர் பாடினாலும் தம்பி இப்படித்தான் முந்திக்கொள்வானாம், அழுகைக்கு நடுவில் சொன்னார்.

கதவைத் திறந்து உள்ளே போனோம். கண்ணைத் துடைத்த கையோடு அண்ணி ரிமோட்டை எடுத்தார். பழக்கம் விடாது.

"சரி, அவன் கேட்டுட்டான். போதும், நிறுத்திடுவோம்."

நான் ரிமோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "இலையில வச்சத பாதியில எடுப்பாங்களா அண்ணி? இன்னும் அஞ்சு பாட்டு இருக்கு," என்றேன்.

என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அடுத்த பாட்டு தொடங்கியது. இடைவெளி வருகிற இடத்திலெல்லாம் நான் முந்திக்கொண்டு பாடினேன்.