வெள்ளை உடுத்திய வேட்பாளர்

ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வாய்தான் எதிரி. கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் நான்; எந்தச் சொல் காதில் விழுந்தாலும் அதன் பூர்வீகத்தைத் தோண்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நெல்லித்தோப்புக்கு நாங்கள் குடிவந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பகுதி நலச்சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. சாக்கடைக்கு மூடி போடுவதாக வருடக்கணக்கில் சொல்லிவந்த பழைய தலைவரை வீட்டுக்கு அனுப்பியே தீருவது என்று என் மனைவி தலைவர் பதவிக்கு நின்றாள்.

நான் சும்மா இருந்தேனா? ‘கேண்டிடேட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீனில் வெள்ளை உடுத்தியவர் என்று பொருள் என்றேன். ரோமாபுரியில் பதவிக்கு நின்றவர்கள் மேலங்கியில் சுண்ணப்பொடி தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டு ஊரெல்லாம் கும்பிட்டுத் திரிந்தார்கள். அந்த லத்தீன் ‘கான்டிடாட்டுஸ்’ பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் வந்தபோது துணியை விட்டுவிட்டு ஆளை மட்டும் வைத்துக்கொண்டது. லத்தீன் படிக்காமலேயே பழைய மரபைக் காப்பாற்றுகிறவர்கள் நம்மூர் அரசியல்வாதிகள்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் பீரோவிலிருந்து கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டினாள். கத்தோலிக்கரான எங்களுக்குக் கல்யாண நிறமே வெள்ளைதான். சரிகை கறுத்துப்போயிருந்தது; பொட்டு வைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை; தாலிச் சங்கிலி ரவிக்கைக்குள் கிடந்தது. பின்தெருக்களில் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். வீடு வீடாகப் போய்வந்தாள்.

மாலையில் திரும்பியவளின் முகத்தில் ஏகப்பட்ட தெளிவு. எல்லா வீட்டிலும் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்களாம். ஒண்டியாளாக இருந்துகொண்டு இவ்வளவு தைரியமா என்று ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அவளுடைய வெள்ளைப் புடவையையும் வெறும் நெற்றியையும் அப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன்.

“நான் உசுரோட இருக்கேன்னு சொன்னியா?”

“கேட்டா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல. ஓட்டு முடியற வரைக்கும் நீங்க வெளிய வராதீங்க.”

ஒளிவுமறைவில்லாத பேச்சைக் குறிக்கும் ‘கேண்டிட்’ என்ற சொல்லும் அதே லத்தீன் வேரிலிருந்து முளைத்ததுதான். அதைச் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. கோபம் வந்தது, ஜன்னல் வழியே சாக்கடை நாற்றமும் வந்தது. ஓட்டு முடியும்வரை உள்ளேயே கிடந்தேன்.

ஜெயித்துவிட்டாள். மாலையும் கையுமாகக் கூட்டம் வாசலுக்கு வந்தது. பெருமை தாங்காமல் நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். யாரென்று கேட்டார்கள், வீட்டுக்காரர் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“இருக்காரா?” என்றார், ஏமாற்றத்தை மறைக்காமல். “மொதல்லியே தெரிஞ்சிருந்தா பழைய ஆளுக்கே போட்டிருப்பேனே.”

“மன்னிச்சிக்குங்கம்மா” என்று கைகூப்பினேன்.