போகாதவர்களின் பஸ்

கண்டியைச் சுற்றி இன்னும் இருபது வருடத்தில் யார் யார் எங்கே போவார்கள், எத்தனை பஸ் வேண்டும் என்று கணிக்கும் வேலை எங்கள் அலுவலகத்தில் நடக்கிறது. சொந்த மகன் பின்னேரம் எங்கே போகிறான் என்று தெரியாத என்னிடம்தான் அந்தப் பொறுப்பு.

அதற்காக இன்று பிலிமத்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வீடு வீடாக ஏறினேன். எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து ஓர் அக்கா தண்ணீர் கொடுத்தார்.

"மொதல்ல நீங்க கிளினிக் போங்க சார்" என்றார்.

சிரித்துவிட்டு, "இந்தக் கிழமை வீட்டுல யாராவது வெளிய போனீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். இவருக்கு ரத்தம் சுத்தம் பண்ண கண்டி ஆஸ்பத்திரிக்குப் போவோம். பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க. ஆட்டோவுக்குக் கட்டுப்படியாகல."

கதிரையில் இருந்த கணவர் வீங்கிய கால்களைச் சாரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

"பஸ்ஸு திரும்ப வருமா சார்?"

பயணம் என்ற கட்டத்தில் அப்போதுதான் பூச்சியம் போட்டிருந்தேன். போகிறவர்களை எண்ணித்தான் எங்கள் கணக்கு பஸ் கேட்கும். போக முடியாதவர்களும் அந்தக் கணக்குக்கு, போக விரும்பாதவர்கள்தான்.

வாசல்வரை வந்த அக்கா, "வரும்னு சொல்லிட்டுப் போங்க சார், இவரு நம்புவாரு" என்றார், மெதுவாக.

திரும்பிப் போய்ச் சொன்னேன். அவர் நம்பினார்.

இரண்டு கணிப்பும் என்னுடையதுதான். அலுவலகத்துக்குக் கொடுக்கப்போகும் பூச்சியம், அவருக்குக் கொடுத்த பஸ். எது பலிக்கும் என்று கீழே எழுதுங்கள், பார்ப்போம்.