சகலனின் இரண்டு சைக்கிள்கள்

என் சகலன் எனக்கு வைத்த பெயர் கரியர். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். எனக்குக் கல்யாணமான புதிதில் எங்களிடம் கார் இல்லை. கோயிலோ கொண்டாட்டமோ, எங்கே போனாலும் அவருடைய காரில்தான் போக வேண்டும். ஆட்கள் கூடிவிட்டால் நான் பின்னால், சாமான் வைக்கும் இடத்தில், கால்களை மடக்கிக்கொண்டு ஏறுவேன். மடியில் சோற்றுப் பானை இருக்கும். காரை எடுக்கும் முன் அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்பார்.

“கரியரில ஆள் ஏறியாச்சோ?”

சைக்கிளின் பின்பக்கத்தில் சாமான் கட்டும் இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். காரில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைத்தேன். அப்போது சிரிக்காமல் விட்டிருக்கலாம். கொஞ்ச நாளில் அந்த இடத்தின் பெயர் என் பெயராகிவிட்டது. “கரியர் வந்திட்டாரோ?” “கரியருக்கும் ஒரு தேத்தண்ணி குடுங்கோ.”

எனக்குக் கூச்சம் அதிகம். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அவர் இந்த ஜெர்மனியின் அலுவலகங்களில் நிமிர்ந்து நின்று ஜெர்மன் பேசுவார். அதிகாரியைச் சந்திக்கத் தெர்மின் எடுத்துத் தருவார். அன்டிராக் என்ற விண்ணப்பப் படிவங்களை நிரப்பித் தருவார். அந்த உதவிகளை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு உதவிக்குப் பிறகும் நாலு பேருக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்லி என் தோளில் தட்டுவார். அவர் என்ன சொன்னாலும் என் வாயில் வந்தது “ஓம் அண்ணை” மட்டுந்தான். உள்ளே இருந்தது வேறு. துணி வெளுக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகளை உருளைக்குள் அள்ளிப் போடும்போது சில நாள் அவருடைய மீசையையும் சேர்த்துப் போடுவதாக நினைத்துக்கொள்வேன். நன்றாக இருக்கும்.

பிறகு எனக்கும் கார் வந்தது. அதன் பின்னால் கொக்கி பூட்டி, பழைய வோன்வாகன் ஒன்றும் வாங்கினேன். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு அது. இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மேசை. வண்டியையும் காரையும் சேர்க்கும் இரும்புத் தண்டின் மேலே மூன்று சைக்கிள் நிறுத்தும் தாங்கி ஒன்றை நானே முறுக்கிப் பூட்டினேன். மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அந்தத் தாங்கியில் என் சைக்கிள் ஒரு கோடைதான் நின்றது. அடுத்த கோடையில் சகலன் இரண்டு மின்சார சைக்கிள் வாங்கினார். அவருடைய புதுக் காரின் சீட்டுகள் பால் நிறத் தோல். கொக்கி பூட்டினால் காரின் வடிவு கெட்டுவிடுமாம். கூரையில் ஏற்றினால் கீறல் விழுமாம்.

“கரியரிட்டை கரியர் இருக்குத்தானே,” என்று சொல்லி என் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். “மெதுவா ஓடு. என்ர சைக்கிளுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது.”

“ஓம் அண்ணை.”

மின்சார சைக்கிள் பாரம் கூடியது. அவை இரண்டும் ஏறினால் தாங்கியில் வேறு எதையும் ஏற்றக்கூடாது. அதனால் எங்களுடைய மூன்றும் வண்டிக்குள், கட்டிலின் மேல் பழைய போர்வை விரித்துப் படுத்தன. ஒவ்வொரு கோடையும் இப்படித்தான். போய் இறங்கியதும் மனைவி விரிப்பில் சங்கிலி எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

போன கோடையில் என் மகளுக்குக் கல்யாணப் பேச்சு. பையனை அவளே பார்த்துவிட்டாள். இருவரும் ஒரே இடத்தில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்தவர்கள். மண்டபமும் பட்டுச் சேலையும் வேண்டாம், இரண்டு குடும்பமும் வடகடல் பக்கம் ஒன்றாகக் காம்பிங் போய்ப் பழகுவோம் என்றாள். பையனின் தாய் தகப்பன் வுப்பர்டாலில் இருந்து கூடாரத்தோடு வந்தார்கள். நாங்கள் கெல்சென்கிர்ச்சனில் இருந்து வண்டியை இழுத்துக்கொண்டு போனோம். முன்னால் தாங்கியில் சகலனின் சைக்கிள்கள். இப்படியொரு இழுவை வண்டி இல்லாத சகலனும் அக்காவும் காம்பிங்கில் ஒரு மரவீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள்.

பையனின் தகப்பன் நல்ல மனிதர். என்னிடம் கைகொடுக்க வந்தார். அதற்குள் சகலன் நடுவில் வந்துவிட்டார்.

“உவர்தான் பொம்பிளையின்ர தேப்பன். எங்கட கரியர்.”

“குரியரோ? நல்ல வேலை, அண்ணை,” என்றார் அவர். ஜெர்மனில் பாசல் கொண்டுபோகிறவனைக் குரியர் என்பார்கள். “என்ர அக்கேன்ர மோனும் பாசல் வானிலதான். முதுகு நோகுமே?”

நான் வாயைத் திறக்கும் முன் சகலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஓம் ஓம், ஏத்தி இறக்கிறதுதான் அவற்ற வேலை!”

அந்த நல்ல மனிதர் அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வாயில் நான் குரியர் அண்ணைதான். “குரியர் அண்ணை, வாங்கோ தேத்தண்ணி குடிப்பம்.” “குரியர் அண்ணை, நீங்கள் இருங்கோ, பாரம் நான் தூக்குறன். வேலையிலயும் தூக்குறனீங்கள்தானே.” அன்போடு சொன்னார். சகலன் சொன்னதை விட அதுதான் சுட்டது. சகலனோ ஒவ்வொரு முறையும் மீன் பொரித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஒருநாள் பின்னேரம் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மகள் வந்தாள்.

“அப்பா, ஏன் ஒண்டும் சொல்லாமல் நிக்கிறியள்?”

“என்னத்தைச் சொல்லுறது?”

“நான் அந்த வீட்டுக்குப் போகப்போறன். அங்கையும் உங்களுக்கு உந்தப் பேர்தானோ? எனக்குப் பிள்ளையள் பிறந்தாலும் உதைத்தான் கேக்குங்களோ?”

அவள் போன பிறகு நான் சோற்றுப் பானையை எடுத்தேன். அந்தப் பெயர் காம்பிங்கை விட்டு வுப்பர்டாலுக்குப் போகக்கூடாது. அதற்கு முன் சகலனை ஒருதரம் நோகப்பண்ண வேண்டும். பானையைத் தேய்த்துக்கொண்டே வசனம் யோசித்தேன். கொக்கி தாங்காது என்று சொல்லலாம். பொலிஸ் பிடிக்கும் என்று சொல்லலாம். “இத்தனை வருசம் நீங்கள் என்னை” என்று தொடங்கி நீளமாக ஒன்றும் யோசித்தேன். பானை பளபளத்துவிட்டது. வசனம் வரவில்லை.

புறப்படும் நாள் காலையில் நான் முதலில் எழும்பினேன். எங்கள் மூன்று சைக்கிளையும் தாங்கியில் ஏற்றி, வாரை இறுக்கினேன். மகளின் சைக்கிள் நடுவில். சகலன் தன்னுடைய இரண்டையும் உருட்டிக்கொண்டு வந்தார்.

“இதென்ன கூத்து? இறக்கு, இறக்கு. வெளிக்கிட வேணும்.”

“ஏலாது, அண்ணை.”

“என்ன ஏலாது?”

“உங்கட சைக்கிள் ஏத்த ஏலாது.”

“ஏன், தாங்கி உடைஞ்சு போச்சோ?”

“இல்லை. தாங்கி நல்லாத்தான் இருக்கு. ஏலாது.”

வேறு காரணம் ஒன்றும் என் வாயில் வரவில்லை. வராததே நல்லது என்று பிறகு தெரிந்தது. காரணம் சொல்லியிருந்தால் அவர் அதைப் பிடித்து மடக்கியிருப்பார். வெறும் ஏலாதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“விசரே உனக்கு? அப்ப நான் என்ன, வீடு வரைக்கும் மிதிச்சுக்கொண்டே போறதோ?”

“பற்றரி இருக்குத்தானே, அண்ணை.”

அது நான் யோசித்து வைத்ததல்ல. தானாக வந்தது. வண்டிக்குள் இருந்து என் மனைவி சிரித்த சத்தம் கேட்டது.

பிறகு நான் ஒரு கதிரையை விரித்துப் போட்டு, தேத்தண்ணியோடு இருந்து பார்த்தேன். சில்லுகளைக் கழற்றினார். ஒரு சைக்கிளைப் பின்சீட்டில் படுக்கப்போட்டார். பால் நிறத் தோலில் சங்கிலி கறுப்பாகக் கோடு இழுத்தது. மற்றது சாமான் வைக்கும் இடத்தில் பாதிதான் போனது. பின்சீட்டுச் சைக்கிளின் ஹாண்டில், ஓட்டுகிறவர் இருக்கும் சீட்டுக்கு மேலே வந்து அவருடைய காதை முட்டியது. பின்கதவு சாத்த வரவில்லை. உடுப்புக் காயப்போட்ட கொடிக்கயிற்றால் கட்டினார். என்னிடம் நல்ல வார் இன்னும் இரண்டு இருந்தது. கொடுக்கவில்லை.

அக்காவுக்கு அந்தக் காரில் இடமில்லை. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து என் காரில் ஏறிவிட்டார். “தம்பி, நான் உங்களோடயே வாறன்.”

கூடாரத்தைக் கழற்றிச் சுருட்டி முடித்த பையனின் தகப்பன் வந்து அந்தக் காரைச் சுற்றிப் பார்த்தார்.

“என்ன அண்ணை, நீங்களும் குரியர் வேலை தொடங்கிட்டியளோ?”

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. சத்தியமாக அப்படித்தான் நினைத்துக் கேட்டார். பையன் சிரித்தான், மகள் சிரித்தாள், அக்காவும் சிரித்தார். சகலனின் முகம் எப்படிப் போனது என்பதை இப்போதும் வேலையில் நின்று நினைத்துப் பார்க்கிறேன். அலுக்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்க முன் நான் எழும்பிப் போனேன்.

“அண்ணை, நான் குரியர் இல்லை. உடுப்பு வெளுக்கிற பாப்ரிக்கில வேலை. கரியர் எண்டது உவர் எனக்கு வைச்ச பட்டம்.”

அவர் என்னைப் பார்த்தார். சகலனைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“ஐயோ, எனக்குத் தெரியாதே. அப்ப நான் உங்களை என்னெண்டு கூப்பிடுறது?”

“சம்பந்தி எண்டு கூப்பிடுங்கோ.”

“வாங்கோ சம்பந்தி,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சகலன் கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இழுவை வண்டியோடு போகிறவன் பெருந்தெருவில் எண்பதுக்கு மேல் ஓடக்கூடாது. அன்று காற்று பலமாக இருந்தது. சகலன் ஒருமுறை என்னை முந்தப் பார்த்தார். கயிறு இழுபட்டுப் பின்கதவு படபடவென்று அடித்தது. திரும்பி வந்து என் வண்டியின் மறைவில் ஒதுங்கினார். தெரு வளைந்தபோது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஹாண்டிலுக்குத் தலையைச் சாய்த்துக் கொடுத்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். மழையும் வந்தது. நான் வைப்பரைப் போட்டேன். அவருக்கு மழை காருக்குள்ளேயே போயிருக்கும். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. எண்பதில் இருந்து எழுபதுக்கு இறக்கினேன்.

பின்சீட்டில் இருந்து அக்கா கேட்டார்.

“தம்பி, கொஞ்சம் கெதியா ஓடலாமே?”

“ஏலாது, அக்கா,” என்றேன்.