சேரப்பணஞ்சேரிக்குள் திரும்பிய கோடு

விபத்துக்கு முன்பெல்லாம் சனிக்கிழமை மாலைகளில் நான் பாதை வரைந்துகொண்டிருப்பேன். மறைமலை நகரில் இரண்டாவது மாடியில் எங்கள் வாடகை வீடு. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான வரைபடத் தளத்துக்குள் போய், எங்கள் தெருவில் ஒரு புள்ளி வைப்பேன். ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே தளமே ஒரு கோட்டைப் போட்டுவிடும். அது எப்போதும் பெரிய சாலையைத்தான் பிடிக்கும். கண்டெய்னர் லாரிகளும் கார் ஏற்றிப்போகிற நீளமான டிரெய்லர்களும் ஓடுகிற சாலை என்று அதற்குத் தெரியாது. நான் கோட்டைப் பிடித்து இழுத்து, ஏரிக்கரை வழியாக, கம்பெனி மதில்களின் பின்பக்கமாக, பென்னலூரைச் சுற்றி வளைத்துக்கொண்டு போவேன். சந்தேகமான இடங்களில் செயற்கைக்கோள் படத்துக்கு மாறி, தார்ச் சாலையா மண் பாதையா என்று பெரிதாக்கிப் பார்ப்பேன். எல்லாம் சரி என்றானதும் அந்தப் பாதையை இறக்கி, ஜிபிஎஸ் கருவியைக் கேபிளில் மாட்டி, அதற்குள் ஏற்றிவிடுவேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. மறுநாள் காலையில் ஹேண்டில் பாரில் அதைப் பொருத்திக் கிளம்பினால், திரையில் ஊதா நிறத்தில் கோடு ஓடும். கோட்டை விட்டு விலகினால் கத்தும்.

ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை எனக்கு. வாரம் முழுக்க உற்பத்தி லைனில் நின்று பிழை தேடுகிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு கோட்டின் மேல் பிழையில்லாமல் போய்வருவதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதற்கு மேல் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த ஞாயிறன்று ஒரகடம் கூட்டுரோட்டில் கொஞ்ச தூரம் மட்டும் பெரிய சாலையில் போகவேண்டியிருந்தது. வேறு வழியில்லை. மேம்பாலத்துக்குக் கீழே நிழல். டயர் ரப்பர் எரிந்த வாசனை. கருவி ஒருமுறை ஒலித்தது. அதுவரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்த ஞாபகம், வெள்ளைக் கூரையும் அதற்குக் கீழே என் மனைவியின் முகமும்தான். அது சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை என்றும், நான் அங்கே வந்து சில நாட்கள் ஆகிவிட்டன என்றும் பிறகு சொன்னார்கள். மண்டையில் விரிசல், தோளில் தகடு. என்ன வண்டி இடித்தது, வண்டிதான் இடித்ததா என்பதே யாருக்கும் தெரியவில்லை. முதலில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது படப்பை தாண்டி ஒரு சின்ன மருத்துவமனையில். சேர்த்தவர்கள் பெயரும் சொல்லவில்லை, போன் நம்பரும் கொடுக்கவில்லை. பின் பாக்கெட்டில் இருந்த கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்து மருத்துவமனைக்காரர்கள் கம்பெனிக்குப் போன் போட, கம்பெனியிலிருந்து என் மனைவிக்குத் தகவல் போயிருக்கிறது.

"யாரோ ரெண்டு பேரு கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டாவளாம். அவ்வளவுதான் சொன்னாவ" என்றாள் அவள். திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி இத்தனை வருஷம் இந்தப் பக்கம் இருந்தும் பேச்சு மாறவில்லை.

உடம்பு தேறியது. வேலைக்குத் திரும்பினேன். ஆனால் அந்த இடைவெளி என்னை விடவில்லை. ரோட்டில் கிடந்ததும், யாரோ தூக்கியதும், வண்டியில் போனதும் எனக்கு நடந்தவைதான். ஆனால் அங்கே நான் இல்லை. என் உடம்பை யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தந்ததுபோல் இருந்தது. படுத்துத் தலையணையில் தலையை வைத்தால், தலைக்கு அடியில் இடதுபக்கம் ஒரு உள்ளங்கை இருப்பது தெரியும். நல்ல சூடான கை. எழுந்து தலையணையைப் புரட்டிப் பார்ப்பேன். நரம்பு ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். மனைவியிடம் சொன்னபோது அவள் தலையணை உறையை மாற்றினாள்.

மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பையை அதுவரை நாங்கள் பிரிக்கவில்லை. உடைந்த ஹெல்மெட், வாட்ச், வெட்டி எடுத்த சட்டை, அதோடு ஜிபிஎஸ் கருவி. சைக்கிள் நசுங்கிப் போனாலும் கருவியைக் கழற்றி யாரோ என் பாக்கெட்டில் போட்டிருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து ஒருநாள் எதையோ தேடும்போது பை கையில் பட்டது. திரையில் கீறல். சார்ஜ் போட்டேன். உயிர் வந்தது. 'பயணத்தைச் சேமிக்கவா?' என்று கேட்டது.

அன்றைய பயணத்தை யாரும் நிறுத்தவில்லை. பேட்டரி தீரும்வரை அது பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது.

லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தேன். நான் வரைந்த கோட்டின் மேலேயே ஒரகடம் வரை வந்திருந்தேன். பாலத்தைத் தாண்டி ஓர் இடத்தில் கோடு நின்றது. பிறகு நான் வரையாத கோடு தொடங்கியது. படப்பை ரோட்டில், எந்தச் சைக்கிளும் போக முடியாத வேகத்தில் போனது. சேரப்பணஞ்சேரியில் பெரிய சாலையை விட்டு ஒரு தெருவுக்குள் திரும்பியது. தெருக்கோடியில் நின்றது. திரும்ப வந்து மெயின் ரோட்டைப் பிடித்து மருத்துவமனைக்குப் போனது. அங்கே கட்டடத்துக்குள் சிக்னல் கிடைக்காமல், சிலந்தி பின்னியதுபோல ஒரே இடத்தில் கிறுக்கிக் கிறுக்கி முடிந்தது.

கீழே இதயத்துடிப்பு வரைபடமும் இருந்தது. நெஞ்சில் பட்டை கட்டிக்கொண்டு ஓட்டுவது என் வழக்கம். எனக்கு ஞாபகமே இல்லாத அந்த நேரம் முழுக்க அது எழுதிக்கொண்டே வந்திருக்கிறது.

செத்துக்கொண்டிருக்கிற ஒருவனை வண்டியில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் எதற்காக ஊருக்குள் திரும்பினார்கள்? ஏன் அங்கே நிறுத்தினார்கள்?

பல மாலைகள் அந்த ஒரு திருப்பத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயற்கைக்கோள் படத்தில் ஓர் ஓட்டு வீட்டுக் கூரையும் ஒரு வேப்ப மரமும் தெரிந்தன. புதிதாக ஏதாவது பாதை வரையலாம் என்று உட்கார்ந்தாலும் கை அங்கேதான் போகும்.

"என்னத்துக்கு அதயே பாத்துக்கிட்டு இருக்கிய? போயிப் பாத்துட்டு வந்திருவோம்" என்றாள் மனைவி ஒருநாள். அவள் பயப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு என் முகத்தைப் பார்ப்பதுதான் அதிக பயமாக இருந்திருக்கிறது.

தளத்தில் அந்தப் பயணத்தைத் திறந்து, விபத்து நடந்த இடத்துக்கு முந்தைய பகுதியை வெட்டினேன். மிச்சத்தை ஒரு பாதையாகச் சேமித்து, அதே கருவியில் ஏற்றினேன். பெயர் கேட்டது. எதுவும் எழுதாமல் விட்டேன்.

எனக்குச் சைக்கிளில் ஏறத் தைரியம் இல்லை. அவளுடைய ஸ்கூட்டியின் கண்ணாடித் தண்டில் ரப்பர் பேண்டு போட்டுக் கருவியைக் கட்டினோம். அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். ஞாயிறு காலை. ஷிப்ட் பஸ்கள் நைட் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பாலத்தைத் தாண்டியதும், அந்த இடத்தில், கருவி ஒலித்தது. பாதை கிடைத்துவிட்டது என்று திரை சொன்னது. ரோட்டோரம் பார்த்தேன். கொஞ்சம் மணல், ஒரு தண்ணீர் பாட்டில். என்னை அடையாளம் கண்டுகொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

சேரப்பணஞ்சேரியில் அம்புக்குறி திரும்பச் சொன்னது. திரும்பினோம். தெருக்கோடியில் வேப்ப மரம் இருந்தது. ஓட்டு வீட்டின் வாசலில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நாங்கள் வண்டியை நிறுத்தியதும் நிமிர்ந்தார். முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நெற்றியிலிருந்து காதுவரை போகிற என் தழும்பைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. மெதுவாக எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் லேசாகத் திறந்தது. குரல் மட்டும் வந்தது.

"ஏம்மா."

"சொல்லுங்கக்கா" என்றாள் மனைவி.

"உன் கூட ஒரு ஆளு நிக்கிறாரா?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நிக்காவ. என் வீட்டுக்காரருதான்."

"நெஜமா கீறாரா? உன் கண்ணுக்குத் தெரியறாரா?"

"தெரியுதாவ அக்கா. உயிரோடத்தான் இருக்காவ."

உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் கதவு உடனே திறக்கவில்லை. திறந்தபோது எங்களை வாசலில் உட்காரவைத்துச் சொன்னார்.

அவர் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறவர். தம்பி குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது ஓசூர் பக்கம் போய்விட்டாராம். அன்றைக்கு ரோட்டில் கிடந்த என்னை யாரோ வழிப்போக்கர் உதவியோடு வண்டியில் தூக்கிப் போட்டவர் அந்தத் தம்பிதான். உதவியவர் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். தனியாக ஓட்டிக்கொண்டு வரும்போது பின்தட்டில் நான் அப்படியும் இப்படியும் உருண்டிருக்கிறேன். தலை தகரத்தில் மோதுகிற சத்தம் தாங்காமல், வழியில் இருந்த தன் வீட்டுக்குத் திருப்பி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்.

"'அக்கா, தலைய மட்டும் புடிச்சிக்கோ, வா'ன்னான். உலையில அரிசி போட்டுகினு இருந்தேன். அப்படியே வந்து ஏறிகினேன். மடியில வெச்சிகினு வந்தேன்" என்றார். "ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தன் கழுத்துல வெரல வெச்சிப் பாத்தான். 'முடிஞ்சிபோச்சி போலகீதே, யாரு நீங்க, இன்னா உறவு, போலீஸ் கேஸு'ன்னான். தம்பி பயந்துட்டான். என் கையப் புடிச்சி இஸ்துகினு வந்துட்டான். அன்னைக்கிலேர்ந்து..."

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கிலேர்ந்து நீங்க என் மடியிலயே செத்துட்டீங்கன்னுதான் இருந்தேன். அந்த ரோட்டுல போவமாட்டேன். டூட்டிக்குக்கூட பின்னால சுத்திதான் போவேன். உலை வெச்சா உங்க மூஞ்சி வரும். யார்னு தெரியாத ஆளுக்கு எந்தப் பேரச் சொல்லி வெளக்கு வெக்கிறது? சொம்மா வெச்சேன்."

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாக ஒரு வீட்டில் நான் பேயாக இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவே தெரியாது.

எப்படிப் பிடித்திருந்தார் என்று கேட்டேன். அவர் தயங்கி எழுந்து வந்து, என் தலைக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினார். வலதுபக்கம். மீன் வாசனையோடு, ஈரமாக, குளிர்ந்த கை. நான் படுக்கும்போது உணர்கிறது இடதுபக்கம். இதுதானா என்று நெடுநேரம் யோசித்தேன். இது இல்லை. அப்படியானால் அது யாருடைய கை என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

"நான் ஏதாவது பேசினேனா?"

"பேசிகினேதான் வந்தீங்க. 'லைன் மேலதான போறோம், லைன் மேலதான போறோம்'னு கேட்டுகினே இருந்தீங்க. கம்பெனி லைன்ல ஏதோ பிரச்சனைன்னு நெனச்சிகினு, 'ஆமாங்க, லைன்லாம் நல்லாதான் ஓடுது, கவலப்படாதீங்க'ன்னேன்."

சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு முகம் மாறியது.

"அப்புறம் ஒண்ணு சொன்னீங்க."

"என்ன?"

"அத்த கேக்காதீங்க. வலியில உளறினது. நீங்க சொன்னதுன்னு நான் வெச்சிக்கல."

எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. மீன் கெட்டுவிடும் என்று எழுந்துபோனார். சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். மனைவி உதவிக்கு அடுக்களைக்குள் போனாள். நான் வெளியே வேப்ப மரத்தடியில் நின்று, மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. பிறகு பேச்சு நின்றது. எண்ணெயில் மீன் பொரிகிற சத்தம் மட்டும் இருந்தது.

மனைவி வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள்.

திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள். நாங்கள் கோட்டை விட்டு விலகி மறைமலை நகர் பக்கம் திரும்பியதால் கருவி கத்திக்கொண்டே வந்தது. சிங்கப்பெருமாள்கோவில் தாண்டும்போது கேட்டேன்.

"உன்கிட்ட சொன்னாங்களா?"

"எத?"

"நான் சொன்னத."

ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் தெரியவில்லை. "பேசாம உக்காந்து வாங்க. லாரி வருது" என்றாள்.

இப்போது நான் மறுபடியும் சைக்கிள் ஓட்டுகிறேன். பழைய தூரம் இல்லை, பக்கத்து ஏரிவரைக்கும்தான். அந்த அக்கா மாதத்துக்கு ஒருமுறையாவது மனைவிக்குப் போன் செய்வார். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கனவில் நான் இன்னமும் செத்துத்தான் போகிறேன் என்று சொன்னாராம். அதை மட்டும் மனைவி என்னிடம் சொன்னாள்.

சில மாலைகளில் நான் மேஜையில் உட்கார்ந்து அடுத்த வாரத்துக்குப் பாதை வரைந்துகொண்டிருக்கும்போது, அவள் அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்க்கிறாள். கோபமும் இல்லை, பரிதாபமும் இல்லை. நான் ஏதோ சொல்லி முடித்தபிறகு பார்க்கிற பார்வை. அன்று வண்டியில் என்ன சொன்னேன் என்ற கேள்வி இரண்டொரு முறை வாய்வரை வந்துவிட்டது. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்றுதான் கேட்காமல் இருக்கிறேன்.